பின்வாங்கத் தெரிந்த வேகம்

(கணினியியல் துறையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், ஓடுகிறபோதே எப்படித் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். ஜாவா நிரல்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட் என்ற இயக்கச் சூழலை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துப் பேசுகிறேன். மற்ற சூழல்களைத் தேவைப்படும் இடத்தில் தொட்டுக்கொள்கிறேன்.

பாடப்புத்தகம் தரும் கணக்கு எளிமையானது. நிரலை முன்கூட்டியே இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். ஓடும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் படித்துச் செய்வது இன்டர்பிரிட்டர். முன்னது வேகம், பின்னது மெதுவு. ஜாவாவோ சி ஷார்ப்போ ஜாவாஸ்கிரிப்ட்டோ இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. அவை ஓடும்போதே மொழிபெயர்க்கின்றன என்று சொல்லி விளக்கத்தை முடித்துக்கொள்பவர்கள் உண்டு. அது பாதி விளக்கம். ஓடும்போது மொழிபெயர்ப்பது மட்டும் பழைய உத்திதான். கென் தாம்ப்சன் 1968-இல் எழுதிய கட்டுரையிலேயே, தேடவேண்டிய சொல்வடிவத்தை அந்தக் கணத்திலேயே ஐபிஎம் 7094-இன் இயந்திரக் கட்டளைகளாக மாற்றி ஓட்டிக் காட்டியிருக்கிறார்.

என் கருத்து இதுதான். தவறாகப் போகக்கூடிய ஊகத்தை இந்தச் சூழல்கள் துணிந்து செய்கின்றன. அது பொய்த்துப்போனால் கணக்கில் ஒரு எண்கூடப் பிசகாமல் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழி உறுதியாக இருப்பதால்தான் அந்தத் துணிவு வருகிறது. அந்த வழியை முதலில் போட்டவர்கள் வேகத்துக்காக அதைப் போடவில்லை என்பதும் இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், நிரல் எந்த வடிவத்தில் உள்ளே போகிறது என்று பார்ப்போம். இரண்டு முழு எண்களை வாங்கிக் கூட்டித் தரும் ஸ்டாட்டிக் மெத்தட் ஒன்றை ஜாவாவில் எழுதுகிறோம். அதற்குக் ‘கூட்டு’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஜாவா மொழி தொடக்கத்திலிருந்தே யூனிகோட் எழுத்துகளைப் பெயர்களில் ஏற்கிறது. ஜாவா கம்பைலர் இதை நான்கே பைட்டுகளாக ஆக்கும்: 26, 27, 96, 172. முதல் எண்ணை அடுக்கின் (ஸ்டாக்) மேல் வை, இரண்டாம் எண்ணை வை, மேலிருக்கும் இரண்டையும் எடுத்துக் கூட்டி விடையை வை, அதைத் திருப்பிக்கொடு. இவ்வளவுதான். ஒவ்வொரு கட்டளையின் குறியீடும் ஒரு பைட் என்பதால் இதற்குப் பைட்கோடு என்று பெயர். ஒரு பைட்டில் 256 எண்களுக்குத்தான் இடம் உண்டு. அவற்றில் ஏறத்தாழ 200-ஐ ஜாவா பயன்படுத்துகிறது.

இந்த நான்கு பைட்டுகளில் எந்தச் செயலியின் சாயலும் கிடையாது. ரெஜிஸ்டர் எத்தனை, அவற்றின் பெயர் என்ன என்ற பேச்சே இல்லை. இன்டெல் செயலிக்கும் ஆர்ம் செயலிக்கும் இதே 26, 27, 96, 172தான் போகிறது. 1995-இல் சன் நிறுவனம் ஜாவாவை அறிவித்தபோது உலகைக் கவர்ந்தது இந்த இடப்பெயர்வுத் திறன். இணையத்தின் வழியே யாரோ அனுப்பிய நிரலை நம் கணினியில் ஓட்டப்போகிறோம் என்பதால், ஓட்டுவதற்கு முன் பைட்கோடைச் சோதித்துப் பார்க்கும் பகுதி ஒன்றும் சேர்க்கப்பட்டது. அடுக்கில் இரண்டு எண்கள் இல்லாதபோது கூட்டச் சொல்கிறதா, எண் இருக்கவேண்டிய இடத்தில் ஆப்ஜெக்ட்டின் முகவரி வருகிறதா என்றெல்லாம் அது பார்க்கும். தேறாத கிளாஸ் ஓடாது.

அடுத்தது ஓட்டம். ஹாட்ஸ்பாட் முதலில் இன்டர்பிரிட்டராகத்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு பைட்கோடுக்கும் உரிய சிறு இயந்திரக் கட்டளைத் தொடரை அது தொடக்கத்திலேயே நினைவகத்தில் செய்துவைத்துக்கொள்ளும். 26-ஐப் படித்தால் 26-க்குரிய தொடருக்குத் தாவும். முடிந்ததும் அடுத்த பைட்டைப் படித்து அதற்குரிய தொடருக்குத் தாவும். செயலிக்கு ஒரே கட்டளையாக முடிந்துவிடக்கூடிய கூட்டலுக்காக நான்கு முறை படித்து நான்கு முறை தாவ வேண்டியிருக்கிறது. ஜாவாவின் முதல் சில ஆண்டுகளில் அது மெதுவானது என்று பெயர் வாங்கியது இதனால்தான். அந்தப் பெயரில் அன்று நியாயம் இருந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் முதல் அழைப்பிலேயே இயந்திரக் கட்டளைகளாக மாற்றிவிடலாமே என்ற கேள்வி எழும். மைக்ரோசாப்ட்டின் டாட்நெட் 2002-இல் வெளிவந்தபோது அந்த வழியைத்தான் எடுத்தது. அதில் இன்டர்பிரிட்டர் கட்டமே இல்லை, ஒரு மெத்தட் முதல்முறை அழைக்கப்படும்போதே மொழிபெயர்க்கப்பட்டுவிடும். ஆனால் மொழிபெயர்க்கும் நேரமும் பயனர் காத்திருக்கும் நேரம்தான். எனவே அவசரமாகச் செய்ய வேண்டும். அவசரமாகச் செய்தால் ஆழமாகச் செய்ய முடியாது. டாட்நெட்டும் 2019-இல் வந்த கோர் 3.0 பதிப்பிலிருந்து முதலில் மேலோட்டமாக, தேவைப்பட்டால் பிறகு ஆழமாக என்று இரண்டு கட்டங்களுக்கு இயல்பாகவே மாறிவிட்டது.

இங்கே டொனால்ட் க்னூத் 1971-இல் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து சொன்ன ஒரு முடிவை நினைவில் வைக்க வேண்டும். ஒரு நிரலின் ஓட்ட நேரத்தில் பாதிக்கும் மேலானது அந்த நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில் செலவாகிறது என்று அவர் கண்டார். ஹாட்ஸ்பாட் என்ற பெயரே அந்தச் சூடான சிறு பகுதியைக் குறிப்பதுதான். எது சூடான பகுதி என்று முன்கூட்டியே ஊகிப்பது கடினம். ஓடவிட்டு எண்ணினால் தெரிந்துவிடும்.

ஹாட்ஸ்பாட் எண்ணுகிறது. ஒவ்வொரு மெத்தடும் எத்தனை முறை அழைக்கப்பட்டது, அதனுள் இருக்கும் லூப் எத்தனை முறை திரும்பச் சுழன்றது என்பதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. இன்றைய அமைப்பில் 0 முதல் 4 வரை ஐந்து படிகள். இன்டர்பிரிட்டர் 0. ஏறத்தாழ 200 அழைப்புகள் ஆனதும் சி1 என்ற விரைவான கம்பைலரிடம் அந்த மெத்தட் போகிறது. அது செய்துதரும் இயந்திரக் கட்டளைகளுக்குள்ளேயே இன்னும் நுணுக்கமான கணக்கெடுப்பும் பதிந்திருக்கும். 5000 அழைப்புகளை ஒட்டி, சி2 என்ற ஆழமான கம்பைலரிடம் போகிறது. கம்பைலர்களின் வரிசையில் கூட்டம் மிகுந்தால் இந்த எல்லைகளும் உயரும். எல்லாம் பின்னணியில் வேறு த்ரெட்டுகளில் நடக்கிறது. நிரல் காத்திருப்பதில்லை, பழைய வடிவத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு முறை அழைக்கப்பட்டு, உள்ளே கோடிமுறை சுழலும் லூப் இருந்தால்? அழைப்பு எண்ணிக்கை ஒன்றைத் தாண்டாது. புதிய வடிவம் தயாரானாலும் அதற்குள் நுழைய அடுத்த அழைப்பே வராது. இதற்காக, லூப்பின் நடுவிலேயே பழைய வடிவத்திலிருந்து புதியதற்கு மாறும் ஏற்பாடு உண்டு. மாறிகளின் அப்போதைய மதிப்புகளை அப்படியே எடுத்து, புதிய வடிவம் அவற்றை எங்கே எதிர்பார்க்கிறதோ அங்கே வைத்துவிட்டு ஓட்டம் தொடர்கிறது. ஓடுகிற ரயிலை நிறுத்தாமல் இன்ஜினை மாற்றுவதற்கு நிகரான வேலை. கம்பைலர் எழுதுவோரிடையே இதற்கு ஓஎஸ்ஆர் என்று பெயர்.

இனி ஊகத்துக்கு வருவோம். வடிவங்களின் பரப்பைக் கூட்டும் நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்ளுங்கள். ‘வடிவம்’ என்ற அடிப்படை கிளாஸ். அதன் கீழ் ‘வட்டம்’. லூப்புக்குள் ஒவ்வொரு வடிவத்திடமும் ‘பரப்பு’ கேட்கப்படுகிறது. எந்தப் பரப்பு மெத்தட் ஓட வேண்டும் என்பது, வந்து நிற்கும் ஆப்ஜெக்ட் எந்த கிளாஸைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. சி++ கம்பைலர் போன்ற முன்கூட்டிய கம்பைலருக்கு இது சங்கடம். நாளை யார் எந்த வடிவத்தைச் சேர்ப்பார்கள் என்று பொதுவாக அதற்குத் தெரியாது. எனவே எந்த கிளாஸுக்கு எந்த மெத்தட் என்று குறித்த அட்டவணையை ஒவ்வொரு முறையும் பார்த்து அழைக்கும்படி எழுதிவைக்கிறது. ஓடும் சூழலுக்கோ இந்தக் கணத்தில் நினைவகத்தில் எந்தெந்த கிளாஸ்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன என்பது துல்லியமாகத் தெரியும். ‘வடிவம்’ என்பதன் கீழ் ‘வட்டம்’ ஒன்றுதான் ஏறியிருக்கிறது என்றால், பரப்பு என்றாலே வட்டத்தின் பரப்புதான் என்று அது முடிவு செய்துவிடுகிறது. அட்டவணை வேண்டாம். அழைப்புகூட வேண்டாம். வட்டத்தின் பரப்புக் கணக்கை எடுத்து லூப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறது.

இந்த உள்ளிணைப்புதான் எல்லா மேம்பாடுகளுக்கும் தாய் என்பேன். ஒரு அழைப்பின் செலவு மிச்சமாவது சிறிய ஆதாயம். இரண்டு மெத்தட்டுகளின் உள்ளடக்கம் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரிவதால் கிடைப்பதுதான் பெரியது. இரண்டு இடத்தில் செய்யப்பட்ட ஒரே சோதனையில் ஒன்றை நீக்கலாம். மாறாத கணக்கை லூப்புக்கு வெளியே தள்ளலாம். உள்ளே உருவாகி உள்ளேயே மடியும் ஆப்ஜெக்ட்டை நினைவகத்தில் படைக்காமலே அதன் உறுப்புகளை ரெஜிஸ்டர்களில் வைத்து வேலையை முடித்துவிடலாம். இதனால்தான் ஹாட்ஸ்பாட் பைட்கோடு அளவைப் பார்க்கிறது: இயல்பான அமைப்பில் 35 பைட்டுக்கு உட்பட்ட சிறு மெத்தட்டுகளைத் தாராளமாகவும், சூடானவை என்றால் 325 பைட் வரையிலும் உள்ளிணைக்கிறது. சிறிய மெத்தட்டுகளாகப் பிரித்து எழுதுங்கள் என்று ஆசிரியர்கள் படிப்பவரின் வசதிக்காகச் சொல்லும் அறிவுரை, இந்தக் கம்பைலருக்கும் உகந்ததாக இருக்கிறது. எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும்: 8000 பைட்டைத் தாண்டிய மெத்தட்டை ஹாட்ஸ்பாட் இயல்பு நிலையில் கம்பைல் செய்வதே இல்லை. அது காலமெல்லாம் இன்டர்பிரிட்டரிலேயே கிடக்கும். மூவாயிரம் வரிகளில் ஒரே மெத்தட்டாக எழுதப்பட்ட வணிக நிரல்கள் ஏன் மந்தமாக இருக்கின்றன என்று தேடுபவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

ஊகங்கள் இன்னும் உண்டு. கணக்கெடுப்புக் காலத்தில் ஒரு நிபந்தனையின் ‘இல்லையேல்’ பக்கம் ஒருமுறைகூட ஓடவில்லை என்றால், அந்தப் பக்கத்துக்கு இயந்திரக் கட்டளையே எழுதப்படாது. அங்கே ஒரு பொறி மட்டும் வைக்கப்படும். ஒரு ஆப்ஜெக்ட்டின் முகவரி வெறுமையாக இருக்கிறதா என்ற சோதனையை ஜாவா ஒவ்வொரு முறையும் செய்தாக வேண்டும். ஆனால் இதுவரை அப்படி வந்ததில்லை என்றால் ஹாட்ஸ்பாட் அந்தச் சோதனையை எழுதாமல் நேராக நினைவகத்தைத் தொடும். முகவரி உண்மையிலேயே வெறுமையாக இருந்தால் செயலியே நினைவகப் பிழை என்று கூச்சலிடும். இயக்கமுறைமை வழியாக வரும் அந்தச் சைகையைச் சூழல் பிடித்து, ஜாவாவுக்குரிய பிழையறிவிப்பாக மாற்றிவிடும். சாதாரண நிரலைக் கொன்றுவிடும் பிழை இங்கே சோதனைக்கான செலவை மிச்சப்படுத்தும் கருவி ஆகிறது. இதை முதல்முறை படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

சரி, ஊகம் பொய்த்தால்? மதியம்வரை வட்டங்களே வந்த நிரலில், மாலையில் ‘சதுரம்’ என்ற கிளாஸ் ஏறுகிறது. வட்டத்தின் கணக்கைப் பதித்து எழுதிய இயந்திரக் கட்டளைகள் அந்தக் கணத்திலேயே பொய்யாகிவிட்டன. ஒரு சதுரத்தின் பரப்பைக்கூட வட்டத்தின் வாய்பாட்டால் கணக்கிட்டுவிடக் கூடாது. எந்த மெத்தட் எந்த ஊகத்தின் மேல் எழுப்பப்பட்டது என்று ஹாட்ஸ்பாட் குறித்துவைத்திருக்கிறது. சதுரம் ஏறும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து, பாதிக்கப்பட்ட இயந்திரக் கட்டளைத் தொகுதிக்குள் இனி யாரும் நுழையக்கூடாது என்று வாசலை அடைக்கிறது. ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டுகளை இன்டர்பிரிட்டருக்குத் திருப்புகிறது. இந்தத் திருப்பலுக்குத்தான் டீஆப்டிமைசேஷன் என்று பெயர்.

இது எவ்வளவு கடினம் என்பதை நினைத்துப் பாருங்கள். மூன்று மெத்தட்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாக உள்ளிணைந்து, ஒரே சட்டகமாக (ஃப்ரேம்) அடுக்கில் நிற்கின்றன. இன்டர்பிரிட்டருக்கு மூன்று தனிச் சட்டகங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் எந்தப் பைட்கோடில் நிற்கிறது, ஒவ்வொரு மாறியின் மதிப்பு என்ன என்பது தெரிய வேண்டும். அந்த மதிப்புகளில் சில ரெஜிஸ்டரில் இருக்கும், சில அடுக்கில் இருக்கும், சில மாறிலிகளாகக் கரைந்துபோயிருக்கும். நினைவகத்தில் படைக்கப்படாமலே தவிர்க்கப்பட்ட ஆப்ஜெக்ட்டை, உறுப்புகளைக் கொண்டு இப்போது உண்மையாகவே படைத்தாக வேண்டும். இதற்கெல்லாம் வேண்டிய வரைபடத்தைக் கம்பைலர், கட்டளைகளை எழுதும்போதே, நின்று திரும்பக்கூடிய ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக எழுதிவைக்கிறது. நிரலை எழுதியவருக்கு எதுவும் தெரியாது. விடை மாறாது. சிறிது நேரம் வேகம் மட்டும் குறையும். பிறகு வட்டமும் சதுரமும் வரும் என்ற புதிய அறிவோடு சி2 மீண்டும் எழுதும்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? ஸ்மால்டாக் மொழியில் தொடங்குகிறது. 1984-இல் பீட்டர் டாய்ச், ஆலன் ஷிஃப்மன் இருவரும் ஸ்மால்டாக்-80-இன் பைட்கோடை ஓடும்போதே இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் முறையையும், ஓர் அழைப்பிடத்தில் கடைசியாக வந்த கிளாஸை அங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளும் முறையையும் எழுதினார்கள். அதை அடுத்து செல்ஃப் என்ற மொழி. டேவிட் அங்கரும் ராண்டல் ஸ்மித்தும் 1980-களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வடிவமைத்தது; ஸ்டான்ஃபோர்டில் வளர்ந்தது; 1991-இல் சன் நிறுவனத்துக்கு இடம்பெயர்ந்தது. செல்ஃப்பில் கிளாஸ்களே கிடையாது. எண்களைக் கூட்டுவதும் ஒரு மாறியைப் படிப்பதும்கூட ஆப்ஜெக்ட்டுக்கு அனுப்பும் செய்தியாகவே அமைந்தவை. நேரடியாக ஓட்டினால் தாங்க முடியாத அளவுக்கு மெதுவாக இருக்கும் மொழி. அந்தக் குழுவின் மாணவர்கள் கிரெய்க் சேம்பர்ஸ், உர்ஸ் ஹோல்ஸ்லே இருவரும் அதைக் கையில் எடுத்தார்கள்.

ஆழமாக மேம்படுத்திய நிரலில் பிழை தேடுவது பெரும் துன்பம். மெத்தட்டுகள் கரைந்துவிட்டன, மாறிகள் மறைந்துவிட்டன, வரிகள் இடம் மாறிவிட்டன. பிழை தேட வேண்டுமென்றால் மேம்பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள் என்பதே அன்றைய வழக்கம். செல்ஃப் குழுவினர் அதை ஏற்கவில்லை. நிரலர் தான் எழுதியது எழுதியபடியே ஓடுகிறது என்று எந்தக் கணத்திலும் நம்பலாம். நிறுத்திப் பார்த்தால் அவர் எழுதிய மெத்தட்டுகளும் மாறிகளும் அப்படியே தெரிய வேண்டும். ஓடும்போதே ஒரு மெத்தட்டைத் திருத்தினால் அடுத்த கணம் திருத்தம் செல்லுபடியாக வேண்டும். இந்த வாக்குறுதியைக் காப்பாற்றத்தான் 1992-இல் ஹோல்ஸ்லே, சேம்பர்ஸ், அங்கர் மூவரும் டீஆப்டிமைசேஷனை வெளியிட்டார்கள். அவர்களுடைய கட்டுரையின் தலைப்பே பிழைதேடலைப் பற்றியது. நிரலருக்குச் செய்த மரியாதையாகப் பிறந்த உத்தி அது. திரும்பும் வழி கையில் வந்தபிறகுதான், இவ்வளவு உறுதியாகத் திரும்ப முடியும் என்றால் இன்னும் துணிந்து ஊகிக்கலாமே என்ற அடுத்த எண்ணத்துக்கு இடம் கிடைத்தது. ஓடும்போது கணக்கெடுத்து, சூடான பகுதியை மட்டும் மீண்டும் மேம்படுத்தும் முறையை ஹோல்ஸ்லே 1994-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் முழுமையாக எழுதினார்.

சன் நிறுவனம் 1995-இல் செல்ஃப் திட்டத்தை நிறுத்திவிட்டது. அதே ஆண்டில்தான் ஜாவாவை அறிவித்தது. ஹோல்ஸ்லே, லார்ஸ் பாக் முதலானோர் வெளியே ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்து, ஸ்ட்ராங்டாக் என்ற ஸ்மால்டாக் வடிவத்துக்காக இதே உத்திகளில் ஓர் இயக்கச் சூழலைக் கட்டினார்கள். 1997-இல் சன் அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. 1999 ஏப்ரலில் ஹாட்ஸ்பாட் வெளிவந்தது. சன் நிறுவனம் தன் கூரையின் கீழ் வளர்ந்த ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, அதே அறிவை இரண்டே ஆண்டில் பணம் கொடுத்துத் திரும்பப் பெறவேண்டியிருந்தது. பயன் கண்ணுக்குத் தெரியாத ஆராய்ச்சிக்கு எதற்கு நிதி என்று கேட்கும் குழுக்களின் முன்னால் நான் இந்த வரலாற்றைத்தான் வைப்பேன். செல்ஃப் மொழியில் இன்று எழுதுபவர்கள் மிகச் சிலர். ஆனால் பாக் பின்னர் டென்மார்க்கில் இருந்துகொண்டு கூகுளுக்காக உருவாக்கி, 2008-இல் குரோம் உலாவியோடு வெளிவந்த வி8 இன்ஜினும் இதே மரபில் வந்தது. செல்ஃப் கற்றுத்தந்த உத்திகளைத் தொடாமல் இன்று ஒரு இணையப் பக்கத்தைக்கூடத் திறக்க முடியாது.

நினைவகப் பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தனிச் சொற்பொழிவுக்கு உரியது. பயனற்றுப்போன ஆப்ஜெக்ட்டுகளைச் சூழலே தேடி அகற்றும் முறையை ஜான் மெக்கார்த்தி 1960-இல் லிஸ்ப் கட்டுரையில் எழுதினார். பெரும்பாலான ஆப்ஜெக்ட்டுகள் பிறந்த சிறிது நேரத்திலேயே பயனற்றுப்போகின்றன என்பதால், இளையவை இருக்கும் பகுதியை மட்டும் அடிக்கடி துப்புரவு செய்யும் முறையை 1984-இல் எழுதியவர் மேலே சொன்ன அதே அங்கர். கம்பைலரும் துப்புரவாளரும் தனித்தனியே இயங்க முடியாது. எந்த ரெஜிஸ்டரில் எந்த ஆப்ஜெக்ட்டின் முகவரி இருக்கிறது என்பதைக் கம்பைலர் எழுதிவைத்தால்தான் துப்புரவாளர் அந்த ஆப்ஜெக்ட்டை இடம் மாற்ற முடியும்.

நினைவகம் என்றதும் நம் மொழி சார்ந்த செய்தி ஒன்று உண்டு. 2017-இல் வந்த ஜாவா 9 முதல், ஒரு சரம் முழுவதும் லத்தீன் எழுத்துகளாக இருந்தால் எழுத்துக்கு ஒரு பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. அந்த வரம்புக்கு வெளியே ஓர் எழுத்து இருந்தாலும் முழுச் சரமும் எழுத்துக்கு இரண்டு பைட்டாக மாறிவிடும். ஆங்கிலத்தில் ‘சென்னை’ என்பதற்கு ஏழு பைட். தமிழில் ஒற்றைக்கொம்பு, புள்ளி, ஐகாரக் குறி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ஆறு குறியீடுகள், பன்னிரண்டு பைட். நூறு ஆங்கில எழுத்துகள் உள்ள முகவரியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து சேர்ந்தால் 202 பைட். லட்சக்கணக்கான தமிழ்ப் பெயர்களை நினைவகத்தில் வைத்திருக்கும் நிரலை எழுதுபவர், ஆங்கிலத் தரவில் செய்த அளவீட்டை நம்பி நினைவகத்தைத் திட்டமிடக் கூடாது. தமிழ்த் தரவிலேயே அளக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு. முதன்மையானது சூடேறும் காலம். தொடங்கிய சில நொடிகளில் நிரல் இன்டர்பிரிட்டரில் தவழ்கிறது, கம்பைலர்கள் செயலியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. நாள்கணக்கில் ஓடும் சர்வருக்கு இது பொருட்டில்லை. ஒரு நொடி ஓடி முடியும் வேலைக்கு இது பெரும் சுமை. ஆண்ட்ராய்டு இந்தச் சிக்கலோடு நடத்திய போராட்டம் நம் எல்லார் கையிலும் நடந்தது. 2010-இல் வந்த 2.2 பதிப்பில் டால்விக் சூழலுக்கு ஓடும்போதே மொழிபெயர்க்கும் கம்பைலர் சேர்ந்தது. 2014-இல் 5.0 பதிப்பு டால்விக்கைக் கைவிட்டு, ஆர்ட் என்ற சூழலுக்கு மாறி, ஆப்பை நிறுவும்போதே முழுவதையும் இயந்திரக் கட்டளைகளாக மாற்றிவிட்டது. நிறுவுவதற்கு நேரம் பிடித்தது, சேமிப்பிடம் கரைந்தது. கைப்பேசியின் மென்பொருளைப் புதுப்பித்தால் ஒவ்வொரு ஆப்பாக எண்ணிக்கொண்டு திரை நெடுநேரம் நின்றதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2016-இல் 7.0 பதிப்பு நடுவழிக்கு வந்தது: முதலில் இன்டர்பிரிட்டர், சூடானால் ஓடும்போதே மொழிபெயர்ப்பு, எவை சூடானவை என்ற குறிப்பை எழுதிவைத்து, கைப்பேசி சும்மா கிடந்து சார்ஜ் ஏறும்போது அந்தப் பகுதிகளை மட்டும் முன்கூட்டிய மொழிபெயர்ப்பு. ஆறே ஆண்டில் மூன்று நிலைப்பாடுகள். ஒவ்வொன்றிலும் நியாயம் இருந்தது. மூன்றாவதுதான் சரியென்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அது பயனரின் உண்மையான பழக்கத்திலிருந்து கற்றுக்கொள்கிறது.

ஜாவா உலகில் இதற்கு இரண்டு விடைகள் இன்று போட்டியிடுகின்றன. ஒன்று கிரால் நேட்டிவ் இமேஜ்: எல்லாவற்றையும் முன்கூட்டியே இயந்திரக் கட்டளைகளாக்கி, தொடங்கிய கணமே முழு வேகத்தில் ஓடும் கோப்பாகத் தருகிறது. அதற்கு அது கேட்கும் விலை, பின்னால் புதிய கிளாஸ் எதுவும் ஏறாது என்ற உறுதிமொழி. உலகம் மூடப்பட்டுவிட்டதால், பொய்த்தால் திரும்பலாம் என்ற வகை ஊகத்துக்கு அங்கே பெரும்பாலும் வேலையில்லை. இன்னொன்று 2025-இல் வந்த ஜாவா 24, 25 பதிப்புகள் எடுத்த வழி: நிரலை ஒருமுறை பயிற்சிக்காக ஓட்டி, ஏற்றிய கிளாஸ்களையும் சேர்த்த கணக்கெடுப்பையும் கோப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்தை அந்த அறிவோடு தொடங்குவது. சேமித்த கணக்கெடுப்பு இன்றைய ஓட்டத்துக்குப் பொருந்தாமல் போகலாம். போனால் டீஆப்டிமைசேஷன் இருக்கிறது. சிறு சேவைகளுக்கு முதல் வழி பொருந்தும். ஆனால் நீண்ட காலம் ஓடி, நடுவில் மாற்றங்களை ஏற்கும் பெரிய நிரல்களுக்கு இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பைலர் பாடத்தில் சொற்பகுப்புக்கும் தொடர்பகுப்புக்கும் செலவாகும் நேரத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். ஆய்வகத்தில் ஒரு மாலை போதும். ‘வடிவம்’, ‘வட்டம்’ இரண்டையும் எழுதி, பரப்பைக் கூட்டும் மெத்தட்டைப் பல்லாயிரம் முறை அழையுங்கள். ஜாவாவைத் தொடங்கும்போது பிரின்ட் கம்பைலேஷன் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், எந்த மெத்தட் எந்தப் படிக்கு எப்போது ஏறியது என்று வரிவரியாகத் திரையில் வரும். பரப்பைக் கூட்டும் மெத்தட் சி1-இன் 3-ஆம் படியிலிருந்து சி2-இன் 4-ஆம் படிக்குப் போனதைப் பார்த்த பிறகு, ‘சதுரம்’ கிளாஸை அதன் பெயரைச் சரமாகக் கொடுத்து ஏற்றி, ஒரு சதுரத்தைப் பட்டியலில் சேருங்கள். பெயரால் ஏற்றுவது முக்கியம். நிரலில் நேராக எழுதினால் பைட்கோடைச் சோதிக்கும் பகுதியே அதை முன்கூட்டி ஏற்றிவிடக்கூடும், சோதனை கெட்டுவிடும். சதுரம் ஏறியதும் ‘மேட் நாட் என்ட்ரன்ட்’ என்ற குறிப்போடு உங்கள் மெத்தட்டின் பெயர் வரும். அதன்பின் அது மறுபடி 4-ஆம் படிக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். அடுத்து ‘முக்கோணம்’ சேருங்கள். ஓர் அழைப்பிடத்துக்கு இரண்டு வகைகளைத்தான் ஹாட்ஸ்பாட் இயல்பாக நினைவில் வைக்கும், மூன்றாவது வந்தால் பெரும்பாலும் அட்டவணை வழி அழைப்புக்கே திரும்பும். இரண்டு வகைகளுடன் எடுத்த நேரத்தையும் மூன்று வகைகளுடன் எடுத்த நேரத்தையும் குறித்து, வேறுபாட்டை உங்கள் ஆசிரியரிடம் விவாதியுங்கள்.